ஒருமனதாக

என் கைப்பேசியில் 'ஒரு' என்று தட்டி நிறுத்தினால், அடுத்து நான் எழுதப்போவது என்னவென்று ஊகித்து அதுவே சில சொற்களை நீட்டும். மகளின் கைப்பேசியில் அந்த இடத்தில் 'ஒரு நாள்', 'ஒரு நிமிஷம்' என்று வருகின்றன. எனக்கு முதலாவதாக வருவது 'ஒருமனதாக'. கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளின் வரைவைக் கைப்பேசியிலேயே எழுதிக் கல்லூரி முதல்வருக்கு அனுப்பிப் பழகியதன் விளைவு அது. சந்தைக்குப் போயிருந்த மகளுக்கு 'ஒரு கிலோ மரச்சீனி' என்று எழுதப்போய் 'ஒருமனதாக மரச்சீனி' என்று அனுப்பிவிட்ட நாளில் வீடே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனாலும் அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு புதன்கிழமை மதியம் நினைவுக்கு வந்துவிடுகிறது. எழுதிவிட்டால் அடங்கும் என்று பலமுறை உட்கார்ந்து, பலமுறை எழுந்துவிட்டேன். இப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டதால் எழுதுகிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில், ஒருபுறம் கடற்கரை ஊர்களிலிருந்தும் மறுபுறம் ரப்பர் தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து படிக்கிற, அரசு உதவி பெறும் ஒரு கல்லூரி என்ற அளவில் போதும்.

அங்கே 19 ஆண்டுகள் முதல்வரின் நேர்முக உதவியாளராக இருந்தேன். அரசு ஊதியம் பெறும் கண்காணிப்பாளர், உதவியாளர், தட்டச்சர் என்ற வரிசையில் என் பதவி கிடையாது. நிர்வாகம் போட்ட பதவி, நிர்வாகம் கொடுத்த சம்பளம். ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நான் 'குட்டி பிரின்சிபல்'. ஜூன் மாதம் அட்மிஷன் நேரத்தில் பங்குத்தந்தையிலிருந்து பஞ்சாயத்துத் தலைவர்வரை என் மேசை முன்னால் நின்றிருக்கிறார்கள். சீட்டு கொடுக்கும் அதிகாரம் எனக்கு இருக்கிறது என்று நம்பி ஒருவர் ஒரு குலை ஏத்தன் பழம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். திருப்பிக் கொடுப்பதற்குள் அலுவலகத்தில் பாதிக் குலை காலியாகிவிட்டது. என்னிடம் இருந்த அதிகாரமெல்லாம், யார் உட்கார்ந்து காத்திருப்பது, யார் நின்று காத்திருப்பது, யார் காத்திருக்காமல் உள்ளே போவது என்பதுதான். அதுவும் சிறியதல்ல என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல.

இந்த வேலையின் மையம் நாட்குறிப்பும் தொலைபேசியும் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அதன் மையம், இன்னொருவரின் குரலில் எழுதுவது. திருநெல்வேலி மண்டல இணை இயக்குநர் அலுவலகத்துக்குப் போகும் கடிதம், அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்குப் போகும் கடிதம், விடுதியில் தகராறு செய்த பையனின் தகப்பனாருக்குப் போகும் கடிதம், இறந்துபோன பழைய பேராசிரியரின் மனைவிக்குப் போகும் இரங்கல் கடிதம் எல்லாவற்றையும் நான்தான் எழுதினேன். கையெழுத்து மட்டும் அவர்களுடையது. நான்கு முதல்வர்களிடம் வேலை பார்த்தேன். முதலாமவர் 'தாழ்மையுடன்' என்ற சொல்லை எந்தக் கடிதத்திலும் விடமாட்டார். இரண்டாமவர் அதைக் கண்டாலே அடித்துவிடுவார். மூன்றாமவருக்கு ஒரு வாக்கியம் இரண்டு வரிக்கு மேல் போகக்கூடாது. ஒருவர் ஓய்வுபெற்று அடுத்தவர் பொறுப்பேற்ற வாரத்தில் என் கை தடுமாறும். மூன்றாவது மாதத்தில் அவர் சொல்லவே வேண்டியிராது. இரங்கல் கடிதம் ஒன்றை வாசித்துவிட்டு, "சார் நேர்ல பேசுன மாதிரியே இருந்துது" என்று ஓர் அம்மா என்னிடமே தொலைபேசியில் அழுதார். அதை நான் பெருமையாகத்தான் நினைத்தேன். இன்னொருவரின் குரலில் துக்கத்தை எழுதலாம் என்றால், இன்னொருவரின் குரலில் வேறு எதையெல்லாம் எழுதலாம் என்று அப்போது யோசிக்கவில்லை.

காடு, கேடு, கூடு

நான் சுருக்கெழுத்து படித்தவள். மார்த்தாண்டத்தில் ஓடு வேய்ந்த மாடி ஒன்றில் இயங்கிய இன்ஸ்டிடியூட்டில் தட்டச்சு லோயர், ஹையர் இரண்டையும் முடித்தேன். நிமிடத்துக்கு 30 சொற்கள், பிறகு 45. அதன்பின் பிட்மேன் சுருக்கெழுத்து. ஐசக் பிட்மேன் 1837இல் வெளியிட்ட முறை. ஒலிக்குக் கோடு, அவ்வளவுதான். அங்கே 'ப' ஒலிக்கு மெல்லிய கோடு என்றால், 'பலூன்' என்பதில் வரும் அழுத்தமான ஒலிக்கு அதே கோட்டைத் தடிப்பாகப் போட வேண்டும். தமிழில் ஒரே எழுத்தாக இருப்பதைப் பென்சிலின் அழுத்தத்தால் பிரித்துக் காட்ட வேண்டும் என்பது எங்களுக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. ஆங்கிலத்துக்கென்று கற்றுக்கொண்டோம், ஆனால் எங்கள் மாஸ்டர் தமிழ்ச் சொற்களை வைத்துத்தான் விளக்குவார்.

வேகமாக எழுதும்போது உயிர் ஒலிகளை விட்டுவிடுவோம். மெய்யொலிகளின் கோடு மட்டும் நிற்கும். அப்படியானால் எந்த உயிர் என்று எப்படித் தெரியும்? கோடு நிற்கும் இடத்தை வைத்து. மாஸ்டர் கரும்பலகையில் ஒரு நீளக் கோடு கிழித்து, 'க'வும் 'ட'வும் சேர்ந்த வடிவத்தை மூன்று முறை போட்டுக் காட்டினார். வரியைத் தொடாமல் மேலே நின்றால் 'ஆ', ஆகவே காடு. வரியில் வந்து உட்கார்ந்தால் 'ஏ', ஆகவே கேடு. வரியை ஊடறுத்துக் கீழே இறங்கினால் 'ஊ', ஆகவே கூடு. "காட்டுல நிண்ணு கீழ எறங்கினா கேடு, இன்னும் எறங்கினா கூடு" என்று அவர் சொன்னதை நாங்கள் பாட்டாகவே பாடிக்கொண்டு பஸ் ஏறுவோம். வடிவம் ஒன்றுதான், ஒரு மயிரிழை ஏற்ற இறக்கத்தில் பொருள் மாறிவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே சுருக்கெழுத்துக்கு மதிப்புக் குறைந்துவிட்டது. முதல்வர்கள் யாரும் உட்கார்ந்து டிக்டேஷன் கொடுப்பதில்லை. "அவனுக்கு ஒரு பதில் போட்டுருங்க" என்பதோடு சரி. ஆனால் கவுன்சில் கூட்டங்களில் அது எனக்குக் கைகொடுத்தது. துறைத்தலைவர்கள் 14 பேர் பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும், சில நேரம் எல்லோரும் ஒன்றாகவும் பேசும்போது, அத்தனையையும் அதே கோடுகளில் பிடித்துக்கொள்வேன். தமிழையும் பிட்மேன் கோட்டில் எழுதுவது முறைப்படி சரியல்ல. தமிழுக்குத் தனிச் சுருக்கெழுத்து இருக்கிறது. நான் அதைப் படிக்கவில்லை. என் நோட்டு எனக்கு மட்டும் புரிந்தால் போதும் என்று இருந்துவிட்டேன். சுருள்கம்பி போட்ட அந்த நோட்டுகளை யாரும் கேட்டதில்லை, யாராலும் வாசிக்கவும் முடியாது. கூட்டத்தில் உண்மையில் என்ன நடந்தது என்பது அந்தப் பென்சில் கோடுகளில் இருக்கும். கல்லூரி அறிய வேண்டியது பக்க எண் போட்ட பைண்டு பதிவேட்டில், அச்சிட்டு ஒட்டிய தாளில், ஓரத்தில் பாதி தாளிலும் பாதி பதிவேட்டிலுமாக விழுந்த முத்திரையோடு இருக்கும். இரண்டுக்கும் நடுவில் நான் இருந்தேன்.

பொருள் எண் 4

ஜூன் மாதம், எடவப்பாதி மழை பிடித்துக்கொண்ட வாரம். கூட்டத்தின் நான்காவது பொருள், சுயநிதிப் பாடப்பிரிவுகளை மதியத்துக்கு மாற்றுவது. காலையில் உதவிபெறும் பிரிவு, மதியம் ஒன்றரை முதல் மாலை ஆறுவரை சுயநிதிப் பிரிவு. புதிய பாடங்களுக்கு அனுமதி கேட்டிருந்தார்கள், வகுப்பறை போதவில்லை, ஒரே அறையை இரண்டு முறை பயன்படுத்தினால் கட்டடம் கட்டாமல் சமாளிக்கலாம். இதை நேரடியாகச் சொல்லியிருந்தால்கூட யாரும் பெரிதாகக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். முதல்வர் அப்படிச் சொல்லவில்லை. காலையில் பிள்ளைகள் வீட்டு வேலைக்கு உதவலாம், போட்டித் தேர்வுக்குப் படிக்கலாம், சிலர் பகுதிநேர வேலைக்கும் போகலாம், இது மாணவர் நலனுக்கான ஏற்பாடு என்றார்.

தாவரவியல் துறைத்தலைவர் அதுவரை வாய் திறக்கவில்லை. பொதுவாகவே கூட்டங்களில் பேசாதவர். ஆராய்ச்சிக்கென்று பேச்சிப்பாறைப் பக்கத்து மலைகளில் நடந்து பழகியவர், அதனால் அந்த ஊர்களின் வழித்தடங்கள் அவருக்குத் தெரியும். மேசையிலிருந்த பஜ்ஜித் தட்டைச் சற்று நகர்த்திவைத்துவிட்டு, மழைச் சத்தத்தில் கேட்கவேண்டும் என்பதற்காகக் குரலை உயர்த்திப் பேசினார். ஆறு மணிக்கு வகுப்பு விட்டால் பத்துகாணி, கடையாலுமூடு பக்கம் போகிற பிள்ளைகள் மார்த்தாண்டம் போய் அடுத்த பஸ் பிடித்து எத்தனை மணிக்கு வீடு சேருவார்கள்? ரப்பர் தோட்டத்துக்குள்ளே ஐந்து மணிக்கே இருட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சொல்லவே வேண்டாம். பஸ்ஸிலிருந்து இறங்கி அந்த இருட்டுக்குள் அரை மணி நேரம் நடக்கிற பிள்ளைகள் தன் வகுப்பிலேயே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டு, முடிவாக ஒரு வாக்கியம் கேட்டார். அது முதல்வரை நேராகப் பார்த்துக் கேட்ட கேள்வி. அதோடு தன் மறுப்பைப் பதிவுசெய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சிறிது நேரம் மழைதான் பேசியது. பிறகு முதல்வர், "பேருந்து விஷயமா டிப்போ மேனேஜருக்கு ஒரு லெட்டர் போடுவோம்" என்று சொல்லி ஐந்தாம் பொருளுக்குப் போய்விட்டார்.

அன்று மாலையே வரைவை எழுதினேன். "பொருள் எண் 4 விவாதிக்கப்பட்டது. மாணவியரின் பயணப் பாதுகாப்பைக் கருதித் தாவரவியல் துறைத்தலைவர் மறுப்புத் தெரிவித்தார். பிற உறுப்பினர்களின் ஒப்புதலுடன் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது." மூன்று வரி, நடந்தது நடந்தபடி. புதன்கிழமை மதியம் அந்தத் தாள் திரும்பி வந்தது. முதல்வரின் பச்சை மை. நடு வரியின் குறுக்கே ஒரு கோடு. மூன்றாம் வரியில் 'பிற உறுப்பினர்களின் ஒப்புதலுடன்' அடிக்கப்பட்டு, அதன் மேல் சிறிய கூரை போட்டு, 'ஒருமனதாக'.

தாளோடு நான் உள்ளே போனேன். அதை மட்டும் என் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். "சார், டீச்சர் பதிவு செய்யணும்னு சொன்னாங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. கெட்ட மனிதரும் அல்ல. ஃபீஸ் கட்ட முடியாத எத்தனையோ பிள்ளைகளுக்குத் தன் பையிலிருந்து கொடுத்ததை அறிந்தவள் நான். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "அம்மா, மினிட்ஸ்ல தகராறு இருந்தா பெர்மிஷன் குடுக்கிறவன் கேள்வி கேப்பான். நாளைக்கு எவனாவது ஆர்.டி.ஐ. போடுவான். டீச்சர் சொன்னத நான் மனசுல வச்சிருக்கேன், அது போதும்" என்றார். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தபோது, இனி எல்லாம் வெளிச்சத்துக்கு வரும் என்று பத்திரிகைகள் எழுதின. எங்கள் அலுவலகத்தில் அது வேறு மாதிரி வேலை செய்தது: கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால், கொடுக்கத் தகுந்ததை மட்டும் எழுதிவைக்கக் கற்றுக்கொண்டோம்.

என் இடத்துக்கு வந்து திருத்தினேன். ஒரு வரியை அழிக்கவும் ஒரு சொல்லைத் தட்டவும் எவ்வளவு நேரம் ஆகும்? பாமினி எழுத்துருவில் இருந்த அந்தக் கோப்பை அதே பெயரிலேயே சேமித்துவிட்டதால் பழைய வரைவு இல்லாமல் போனது. பச்சை மைத் தாளைக் கிழித்துக் கூடையில் போட்டேன். அதைக் கிழிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

வாசித்து உறுதி செய்தல்

இவ்வளவோடு முடிந்திருந்தால் இது என்னை இத்தனை நாள் தொந்தரவு செய்திருக்காது. அலுவலக வேலையில் இதைப்போல் நூறு இருக்கிறது. நான் மறந்திருந்தது, அடுத்த கூட்டத்தின் முதல் பொருளை. எந்தக் கூட்டத்துக்கும் முதல் பொருள் ஒன்றுதான்: முந்தைய கூட்ட நடவடிக்கைகளை வாசித்து உறுதி செய்தல். வாசிப்பது என் வேலை.

பெரும்பாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். தேநீர் வரும், கைப்பேசியைப் பார்ப்பார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் தேர்வுக் கண்காணிப்புப் பட்டியலைப் பற்றிப் பேசுவார்கள். நான் எழுந்து நின்று சீரான குரலில் ஓட்டிக்கொண்டே போவேன். அன்றும் அப்படித்தான் தொடங்கினேன். பொருள் எண் 2 முடிந்து 3க்கு வரும்போதுதான் அடுத்து என்ன வருகிறது என்று எனக்கே உறைத்தது. கண் முன்னால் ஓடி அந்தச் சொல்லைத் தொட்டுவிட்டது. தாவரவியல் டீச்சர் எனக்கு நேர் எதிரில், ஜன்னல் பக்கத்து நாற்காலியில் இருந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேகமாக வாசித்துவிடலாமா, இருமிவிடலாமா, அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு வாசிக்கலாமா என்றெல்லாம் அந்த இரண்டு வரிக்குள் யோசித்தேன். விட்டுவிட்டு வாசித்தால் தாளில் இருப்பது ஒன்று, நான் வாசித்தது ஒன்று என்று இன்னொரு பொய் சேரும். கடைசியில் வாசித்தேன். "பொருள் எண் 4 விவாதிக்கப்பட்டு, தீர்மானம் ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது."

முதல்வர் எழுதியதை நான் தட்டச்சு செய்தேன் என்று அதுவரை என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன். வாசித்தபோது அந்தச் சொல் என் தொண்டையிலிருந்து வந்தது. கூட்டத்தில் அதைச் சொன்ன ஒரே குரல் என்னுடையது. முதல்வர்கூட அதை வாயால் சொல்லவில்லை.

டீச்சர் துடைப்பதை நிறுத்தினார். கண்ணாடி இல்லாமல் பார்ப்பவர்களுக்கு ஒரு பார்வை உண்டே, பார்க்கிறார்களா இல்லையா என்று பிடிபடாத பார்வை, அப்படி என்னைப் பார்த்தார். முதல்வரைப் பார்க்கவில்லை. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நான் ஐந்தாம் பொருளை வாசித்து முடித்தேன். "எனி கரெக்‌ஷன்ஸ்?" என்று முதல்வர் கேட்டார், அவரும் அந்தப் பக்கம் பார்க்காமலேதான் கேட்டார். யாரும் பேசவில்லை. பதிவேடு கைமாறிக் கைமாறிப் போயிற்று. டீச்சரிடம் வந்தபோது அவர் பேனாவை மூடியிலிருந்து எடுத்து, தாளின் மேல் ஒரு விரல் உயரத்தில் பிடித்துக்கொண்டு, அந்த வரியை ஒருமுறை தானே வாசித்தார். உதடு அசைந்தது. பிறகு கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதி, அடுத்தவரிடம் தள்ளினார்.

ஏன் போட்டார் என்பதற்கு நான் பல காரணங்களை வைத்துப் பார்த்திருக்கிறேன். ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருந்தன, பணிப்பதிவேடும் ஓய்வூதியக் கருத்துருவும் இதே அலுவலகத்தின் வழியாகப் போகவேண்டியவை. அல்லது, எதிர்த்தால் முதல்வர் என்னைக் கைகாட்டிவிடுவார், டைப் அடித்தவளின் தவறு என்று சொல்லி முடித்துவிடுவார் என்று எனக்காகப் பேசாமல் இருந்திருக்கலாம். இரண்டாவது காரணத்தை நினைத்தால் முதலாவதே உண்மையாக இருந்துவிடக்கூடாதா என்று இருக்கிறது.

நாகர்கோவிலில் வேறொரு கல்லூரியில் என்னைப்போலவே நேர்முக உதவியாளராக இருந்த தோழியிடம் ஒருமுறை வடசேரி பஸ் ஸ்டாண்டில் வைத்து இதைச் சொன்னேன். அவள் ஒரு நொடிகூட யோசிக்காமல், "கையெழுத்து யாருக்க உள்ளதோ, பாவமும் அவருக்க உள்ளதுதான். நாம டைப் மெஷினு" என்றாள். அது எங்கள் தொழிலின் வேதவாக்கு. அது இல்லாமல் இந்த நாற்காலியில் ஒரு வாரம் உட்கார முடியாது. ஆனால் டைப் மெஷினுக்கு இரங்கல் கடிதம் எழுதத் தெரியாதே என்று எனக்குத் தோன்றியது. நன்றாக எழுதியதற்குப் பெருமையை எடுத்துக்கொண்டவள், இதற்கு மட்டும் எப்படி மெஷின் ஆவேன்? அவளிடம் சொல்லவில்லை. அவளுடைய பஸ் வந்துவிட்டது.

மதியப் பிரிவு மூன்று ஆண்டுகள் நடந்தது. மலைப்பக்கத்துப் பிள்ளைகளின் சேர்க்கை குறைந்தது. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம், புதிய கல்லூரிகள் வந்த காலம் அது. அடுத்த முதல்வர் வந்ததும் 'நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு' எல்லா வகுப்புகளையும் காலைக்கே மாற்றினார்கள். அந்தத் தீர்மானமும் ஒருமனதாகவே நிறைவேறியது. அதையும் நான்தான் வாசித்தேன். டீச்சர் அப்போதும் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

இதற்கிடையில் நாக் வந்தது. பெங்களூரில் 1994இல் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்படுத்திய தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழுவைத்தான் கல்லூரிகளில் எல்லோரும் இப்படிச் சொல்வோம். நாக்கு என்று சொல்வதுபோலவே இருக்கும், பயமும் அதற்கேற்றாற்போல. ஏழு அளவுகோல்கள், அதில் ஆறாவது ஆளுகையும் தலைமையும். முடிவெடுப்பதில் எல்லோருக்கும் பங்கு இருக்கிறதா என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். ஆதாரம் என்றால் ஐந்து ஆண்டுக் கூட்ட நடவடிக்கைகள். உள்தர உறுதிக் குழுவின் கூட்டம் காலாண்டுக்கு ஒன்றாவது இருக்கவேண்டும். ஓர் ஆண்டில் எங்களிடம் இரண்டுதான் இருந்தன. மீதி இரண்டை நானும் ஒருங்கிணைப்பாளரும் இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்து எழுதினோம். ஞாயிற்றுக்கிழமையில் விழுந்துவிடாமல் தேதி பார்த்து, அன்று விடுப்பில் இருந்தவர்களை வருகைப் பட்டியலிலிருந்து கவனமாக நீக்கி, கூட்டம் என்று ஒன்று நடக்கவே இல்லை என்பதைத் தவிர எல்லாம் சரியாக இருக்கும்படி எழுதினோம். இது பெரிய குற்றம் என்று படிக்கிறவர்கள் நினைக்கலாம். எனக்கு அது அவ்வளவு உறுத்தவில்லை. நடக்காத கூட்டத்தில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஆகவே யார் பேச்சையும் நான் அழிக்கவில்லை.

பார்வையிட வந்த குழுவில் ஒருவர், வெளிமாநிலத்துக்காரர், பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்து, இந்த ஐந்து ஆண்டுகளில் ஒருவர்கூட எதற்கும் மறுப்புச் சொல்லவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நாங்கள் ஒரு குடும்பம்போல என்று முதல்வர் பதில் சொன்னார், அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கோப்பை எடுத்து வைக்க நான் குனிந்தேன்.

டீச்சர் ஓய்வுபெற்றபோது, ஓய்வூதியக் கருத்துரு சென்னையில் மாநிலக் கணக்காயர் அலுவலகம்வரை போய் ஒரு தேதிப் பிழைக்காகத் திரும்பி வந்தது. அதைச் சரிசெய்ய இரண்டு மூன்று முறை வந்தார். கடைசியாக வந்த அன்று, வேலை முடிந்தும் எழுந்து போகாமல் என் மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "மக்களே, ஒரு காரியம் கேக்கட்டா?" என்றார். "அந்த மதிய ஷிஃப்ட் மீட்டிங்ல நான் கடைசியா ஒரு வார்த்த கேட்டேன்லா, அது அப்பிடியே உன் நோட்டுல கெடக்குமா? வீட்டுல பேச்சுவாக்குல வந்துது, எனக்கே சரியா ஓர்மை இல்ல." வேறு எதுவும் கேட்கவில்லை. பார்த்துச் சொல்கிறேன் டீச்சர் என்றேன்.

நோட்டு வீட்டில் இருந்தது. நான் வேலையை விட்டபோது கல்லூரியிலிருந்து எடுத்து வந்தவற்றில், பழைய நோட்டுகள் நிறைந்த ஓர் அட்டைப்பெட்டியைத்தான் கனமாகத் தூக்கி வந்தேன் என்று மகள் கேலி செய்வாள். அதற்கு வெகு முன்பே இந்த ஒரு நோட்டைத் தனியாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கூட்டத்தின் தேதி, பொருள் எண் 4, வட்டமிட்ட 'பாட்டனி'. அவர் சொன்ன பஸ், இருட்டு, ஏழெட்டுப் பிள்ளைகள் எல்லாம் தெளிவாக இருந்தன. கடைசி வாக்கியத்துக்கு வந்தேன். 'பிள்ளைகளை' என்பது புரிந்தது. 'எடுத்த தீர்மானமா சார் இது' என்பதும் புரிந்தது. நடுவில் 'க'வும் 'ட'வும் சேர்ந்த ஒரு கோடு. உயிர் ஒலிப் புள்ளி கிடையாது, அவசரத்தில் யாரும் போடுவதில்லை. வரியைத் தொடாமல் மேலே நிற்கிறது என்றால், பிள்ளைகளைக் காட்டி எடுத்த தீர்மானமா. வரியில் உட்கார்ந்திருக்கிறது என்றால், பிள்ளைகளைக் கேட்டு எடுத்த தீர்மானமா. நோட்டின் நீல வரி அந்த இடத்தில் மங்கிப்போயிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், மகளின் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். தொடுகிறதா, தொடாமல் நிற்கிறதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. உறுதியாகச் சொல்ல முடிந்தது ஒன்றே ஒன்று: அது வரியைத் தாண்டிக் கீழே இறங்கவில்லை.

நான்கைந்து நாட்கள் கழித்து, நோட்டை மடியில் விரித்துவைத்துக்கொண்டு டீச்சருக்குப் போன் செய்தேன். காட்டியா கேட்டா என்று அவரிடமே இரண்டையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். நான் தொடங்குவதற்குள் அவரே, "நீ தேடி மெனக்கெடாண்டாம் மக்களே, ஓர்மை வந்துட்டு" என்றார். குரலில் நல்ல உற்சாகம். "'பிள்ளைகளைக் கூட்டி எடுத்த தீர்மானமா சார் இது'ன்னு கேட்டேன். எல்லா பிள்ளைகளையும் கூட்டி ஒரு கூட்டம் போடணும்னு தானே சொன்னேன் அண்ணைக்கு? அப்பிடித்தானே இருக்கு?"

"ஆமா டீச்சர்," என்றேன். "அப்பிடித்தான் இருக்கு."